உலகத்திலேயே உயரமான படி

மேஜை மேல் நாலு நாளாக ஒரு காகிதம் கிடந்தது. காற்றில் பறந்து விடக் கூடாதே என்று அதன் மேல் ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், பறந்தே போனாலும் தேவலை என்றுதான் எனக்கு இருந்தது!

காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் பெண் என்.சி.சி.யில் இருக்கிறாள். ஆக்ராவில் நடக்கும் பாராசூட் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பறக்கிற விமானத்திலிருந்து, ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், கதவைத் திறந்துகொண்டு குதிக்க வேண்டுமாம். அதற்குப் பெற்றோர் சம்மதம் என்று ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் காகிதம்தான் அது.

இவரிடம் கேட்டால், "நீ போட்டா நானும் போடறேன்" என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக் கொண்டார். மாமியாரோ, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த விபரீதம்? கையைக் காலை முறிச்சிக்கிட்டு வந்தா எவன் கட்டுவான்?" என்று ஒரு பாட்டம் பாடி முடித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனால் பால்கனிப் பக்கமே போகாதவள் நான். எனக்கு என்ன சொல்லத் தெரியும்?

நாலாம் நாள் ராத்திரி, பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்தபோது பெண் பின்னால் வந்து நின்றாள். "அம்மா, ஆயிரம் அடிக்கே இப்படிப் பயப்படறியே, லட்சம் அடியிலேருந்து ஒருத்தர் குதிச்சிருக்கார் தெரியுமா?" என்றாள். கையைத் துடைத்துக் கொள்ளச் சொல்லி, கைபேசியில் பழைய படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள்.

மூட்டை மாதிரி உடுப்பு உடுத்திய ஒரு மனிதர். கூடை போன்ற ஒரு சின்ன மேடையின் விளிம்பில் நிற்கிறார். அவருக்குக் கீழே, எங்கேயோ பாதாளத்தில், வெள்ளை வெளேரென்று மேகம். ஒரு எட்டு முன்னால் வைக்கிறார். அவ்வளவுதான், பொம்மை மாதிரிச் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகி மறைந்து போகிறார்.

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது பயத்தைவிட ஒரு கேள்விதான் குடைந்தது. இந்த ஆள் எதற்காகக் குதித்தார்? பெற்ற தாய், கட்டிய மனைவி என்று இவருக்கும் இருந்திருப்பார்களே!

மறுநாள் பெண்ணையே காலேஜ் நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டு வரச் சொன்னேன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். புரியாததை அவள் தமிழில் சொல்ல, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக் கொண்டேன். சகோதரிகளே, அந்தக் குறிப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டத்துக்கு ஏன் வால்?

படத்தில் பார்த்தவர் பெயர் ஜோசப் கிட்டிங்கர். அமெரிக்க விமானப்படையில் காப்டன். 1950களில் ஜெட் விமானங்கள் முன்னெப்போதும் இல்லாத உயரத்தில் பறக்க ஆரம்பித்து விட்டன. அங்கே விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் விமானி வெளியே குதித்துத்தான் ஆக வேண்டும். குதித்தால் பிழைப்பானா? யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

உடனே பாராசூட்டை விரித்துக் கொண்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் சங்கடம். அந்த உயரத்தில் மூச்சு விடக் காற்று இல்லை, குளிரோ எலும்பைக் குத்தும். மேலேயே பாராசூட்டை விரித்தால் மெள்ள மெள்ள ஆடிக்கொண்டு இறங்குவதற்குள் உயிர் போய்விடும். அதனால் மூச்சு விடக்கூடிய உயரம் வரும் வரை கல் மாதிரி சர்ரென்று விழ வேண்டும், அதற்கப்புறம்தான் விரிக்க வேண்டும்.

சரி, அப்படியே விழட்டுமே என்றால், அதிலும் ஆபத்து. மனித உயரத்துக்கு ரப்பரும் உலோகமுமாகப் பொம்மைகள் செய்து பலூனிலிருந்து தள்ளிப் பார்த்தார்கள். மெல்லிய காற்றில் அந்தப் பொம்மைகள் மல்லாக்கப் படுத்த வாக்கில் பம்பரமாகச் சுழன்றன. நிமிஷத்துக்கு 200 சுற்று வரை! உயிருள்ள மனிதன் அப்படிச் சுழன்றால் ரத்தமெல்லாம் தலைக்கும் காலுக்கும் ஓடி, நினைவு தப்பி, பிணமாகத்தான் தரைக்கு வருவான். (இந்தப் பொம்மைகளைப் பற்றி ஒரு வேடிக்கை. நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் வேற்றுக் கிரகத்து ஆட்களின் உடல்களைப் பார்த்தோம் என்று ஜனங்கள் வெகு காலம் பேசிக் கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது பாராசூட் பொம்மைகளாகத்தான் இருக்கும் என்று 1997-ல் அமெரிக்க விமானப்படை அறிக்கையே விட்டது!)

இதற்கு வழி கண்டுபிடித்தவர் பிரான்சிஸ் போப்ரே என்ற தொழில்நுட்பக்காரர். நம் பிள்ளைகள் பட்டம் விடும்போது பார்த்திருக்கிறீர்களே, வால் கட்டாத பட்டம் தலைகீழாகச் சுற்றும், கிழிந்த துணியில் ஒரு வாலைக் கட்டிவிட்டால் சமர்த்தாக நிற்கும். அதே யுக்திதான். பெரிய பாராசூட்டுக்கு முன்னால் ஆறடி அகலத்தில் ஒரு குட்டிப் பாராசூட். அது ஆளைத் தூக்கிப் பிடிக்காது, வேகத்தையும் அதிகம் குறைக்காது. வால் மாதிரிப் பின்னால் நின்று, சுழலாமல் நேராக விழ வைக்கும். கீழே வந்தபிறகு 28 அடிப் பெரிய பாராசூட் தானே விரியும்.

காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் குதித்துக் காட்ட வேண்டுமே. அந்தச் சோதனைக்கு எக்செல்சியர் திட்டம் என்று பெயர். குதிக்க முன்வந்தவர் கிட்டிங்கர்.

இவர்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் ஜான் பால் ஸ்டாப் என்ற டாக்டர். அவரைப் பற்றி நாலு வரியாவது சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. வேகமாகப் போய்ச் சடாரென்று நின்றால் மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள, ராக்கெட் கட்டிய சறுக்கு வண்டியில் தன்னையே கட்டிப் போட்டுக் கொண்டவர் அவர். 1954 டிசம்பரில் மணிக்கு 632 மைல் வேகத்தில் போய், ஒன்றரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் நின்றார். கண்ணில் ரத்தம் கட்டிக் கொஞ்ச நேரம் பார்வையே தெரியவில்லை. அன்று மேலே விமானத்தில் பறந்துகொண்டு அதைக் கவனித்தவர் நம் கிட்டிங்கர். இன்று காரில் ஏறியதும் பெல்ட்டை மாட்டு என்கிறார்களே, அதற்காக ஓயாமல் வாதாடியவர்களில் ஸ்டாப் முக்கியமானவர். தன் உடம்பை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் மற்றவர்களைக் கேட்ட டாக்டர்! அவருக்குக் கீழே வேலை செய்தவர்களுக்குத் துணிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை.

கழுத்தில் சுற்றிய கயிறு

1959 நவம்பர் 16. முதல் குதிப்பு. பலூனில் 76,400 அடிக்குப் போனார் கிட்டிங்கர். எவரெஸ்ட் சிகரம் 29,000 அடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதைப்போல இரண்டரை மடங்கு.

எழுந்து நிற்கும்போதே விதி விளையாடிவிட்டது. இருக்கையிலிருந்து எழச் சிரமப்பட்டபோது குட்டிப் பாராசூட்டின் கடிகாரக் கயிறு தானாக இழுபட்டு ஓட ஆரம்பித்து விட்டது. அவருக்குத் தெரியாது. குதித்துப் பதினாறு விநாடி கழித்து, நல்ல வேகம் வந்தபின் விரிய வேண்டியது, இரண்டரை விநாடியிலேயே வெளியே வந்து, விரியக் காற்றில்லாமல் துவண்டு, அவர் கழுத்திலேயே சுற்றிக் கொண்டது.

எந்தச் சுழற்சிக்குப் பயந்து இத்தனையும் செய்தார்களோ, அதே சுழற்சியில் மாட்டிக் கொண்டார். நிமிஷத்துக்கு 120 சுற்று. கையை உடம்போடு கொண்டு வர முடியவில்லை, கண் இருட்டியது, நினைவு போய்விட்டது. நினைவு திரும்பியபோது தலைக்கு மேலே அவசரப் பாராசூட் விரிந்திருந்தது. குறிப்பிட்ட உயரம் வந்ததும் தானே திறக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். கிட்டிங்கர் அன்று தன் கையால் செய்து பிழைத்தது ஒன்றும் இல்லை. முன்யோசனையோடு அதை அமைத்து, ஒழுங்காக மடித்து வைத்த கைகள்தான் அவரைக் காப்பாற்றின.

நானாக இருந்தால் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதோடு பாராசூட்டைத் தலைமுழுகியிருப்பேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? என்ன தப்பு நடந்தது என்று எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தார்கள். கோளாறு குட்டிப் பாராசூட்டின் தத்துவத்தில் இல்லை, அது கிளம்பிய நேரத்தில்தான் என்று தெரிந்தது. சரிசெய்தார்கள். டிசம்பர் 11-ந் தேதி, அதாவது இருபத்தைந்தே நாள் கழித்து, 74,700 அடியிலிருந்து மறுபடி குதித்தார். இந்த முறை எல்லாம் கச்சிதம்.

பால் கணக்கு நோட்டில் இந்த இருபத்தைந்து நாளை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் தடவை குதிக்கும்போது என்ன ஆகும் என்று தெரியாது. தெரியாத தைரியம் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. கழுத்தில் கயிறு சுற்றினால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர், மறுபடி அதே படியில் போய் நிற்கிறாரே, அதை என்னவென்று சொல்வது? தலைப்பிரசவத்தில் செத்துப் பிழைத்த பெண்கள் இரண்டாம் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முகத்தில் ஒரு பார்வை இருக்குமே, அது நினைவுக்கு வந்தது எனக்கு.

வீங்கிய கை

இனி அந்தப் பெரிய குதிப்பு. 1960 ஆகஸ்ட் 16, நியூ மெக்ஸிகோ. அவருக்கு அப்போது 32 வயது.

போகப் போகிற உயரம் ஒரு லட்சம் அடிக்கு மேல். அந்த உயரத்தில் என்ன ஆகும் என்று நம் சமையலறையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஊட்டியில், கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது என்பார்கள். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சீக்கிரமே, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். குக்கர் செய்வது இதற்கு நேர் எதிர்: அழுத்தத்தைக் கூட்டி, சூட்டையும் கூட்டும். இப்படியே மேலே போய்க்கொண்டிருந்தால், சுமார் 63,000 அடியில் நம் உடம்புச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும்! அங்கே பாதுகாப்பில்லாமல் நின்றால் வாயில் இருக்கும் எச்சில், கண்ணில் இருக்கும் நீர் எல்லாம் கொதிக்கும்.

அதற்காகத்தான் அந்த மூட்டை உடுப்பு. டாக்டர் பிளட் பிரஷர் பார்க்கும்போது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார் அல்லவா? கையை இறுக்கிப் பிடிக்குமே, அதுபோல உடம்பு முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு. அதற்கு மேல் குளிருக்கு அடுக்கடுக்காக உடைகள், கையுறை, தலையில் கவசம், பிராணவாயு, பாராசூட்டுகள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அவருடைய எடையே இன்னொரு மடங்கு!

விடியற்காலையில் பலூன் கிளம்பியது. மூடிய கூண்டு அல்ல, திறந்த கூடை. 43,000 அடியில் வலது கையில் என்னவோ மாதிரி இருக்கிறதே என்று பார்த்தார். வலது கையுறையில் காற்று ஏறவில்லை. உடம்பு முழுவதையும் பிடித்திருக்கும் அழுத்தம் அந்த ஒரு கைக்கு மட்டும் இல்லை. மேலே போகப் போக அந்தக் கை வீங்கும், வலிக்கும், மரத்துப் போகும்.

கீழே இருப்பவர்களிடம் சொன்னால் இறங்கி வா என்பார்கள். சொல்லவில்லை. ஏறக்குறைய உச்சி வரை வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டில் இவரும் ஒரு தடவை இப்படித்தான். நாத்தனார் கல்யாணத்தன்று காலையிலிருந்தே நெஞ்சு வலி. ஒருத்தரிடமும் சொல்லாமல் பந்தி விசாரித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் முகம் வெளுத்ததைப் பார்த்து நானே இழுத்துக்கொண்டு ஓடினேன். பெரிதாக ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம். "ஏன் சொல்லலை?"ன்னா, "சொன்னா எல்லாம் நின்னுடுமே" என்றார். கிட்டிங்கரும் அதையேதான் நினைத்திருப்பார். இதை வீரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவர் கணக்குப் போட்டுத்தான் பேசாமல் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இடது கையால் ஆக வேண்டியதைச் செய்துகொள்ளலாம், உயிருக்கு ஆபத்து வராது, கை மட்டும்தான் போனால் போகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கும் தப்பவில்லை. தரைக்கு வந்து சில மணி நேரத்தில் வீக்கம் வடிந்து கை பழையபடி ஆகிவிட்டது.

ஒன்றரை மணி நேரத்தில் 102,800 அடி. முப்பத்தொரு கிலோமீட்டர்! நம் ஊர் டவுன் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம் ஆகும் தூரம். அதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் உச்சியில் ஒரு மனிதர். தலைக்கு மேலே பட்டப்பகலில் கறுத்த வானம். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அங்கேயே இருந்தார். கூடையின் வாசலில் ஒரு பலகை எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'உலகத்திலேயே உயரமான படி இதுதான்.' ஆண்டவனே, இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் படியை விட்டு இறங்கினார்.

முதலில் விழுகிற உணர்வே இல்லையாம். காதில் காற்று வீசவில்லை, உடுப்பு படபடக்கவில்லை. அங்கேதான் காற்றே இல்லையே! மல்லாந்து பார்த்தால் பலூன் மேலே பறந்து ஓடுவது போலத் தெரிந்ததாம். ஓடியது பலூன் அல்ல, இவர்தான். மணிக்கு 614 மைல் வேகம். வழியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி. இந்த முறை குட்டிப் பாராசூட் சொன்ன நேரத்துக்கு விரிந்தது. நாலு நிமிஷம் முப்பத்தாறு விநாடி விழுந்தபின், சுமார் 18,000 அடியில் பெரிய பாராசூட் பூவாக விரிந்தது. குதித்ததிலிருந்து பதின்மூன்றே முக்கால் நிமிஷத்தில் பாலைவன மண்ணில் கிடந்தார், உயிரோடு.

மேலே போக ஒன்றரை மணி, கீழே வரப் பதினாலு நிமிஷம் கூட இல்லை. இன்றைக்குப் போர் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே எறியப்படும் விமானிகளையும் ஒரு குட்டிப் பாராசூட்தான் சுழலாமல் நிறுத்துகிறது. எத்தனை வீட்டுக்கு மகன் திரும்பி வந்திருப்பான்!

திரும்பாதவர்கள்

எல்லோரும் இவரைப்போல அதிர்ஷ்டசாலிகள் அல்ல. இதை எழுதாமல் விட்டால் நான் ஒரு பக்கத்தை மறைத்தவள் ஆவேன்.

1962 நவம்பர் 1-ந் தேதி ரஷ்யாவில் இரண்டு பேர் ஒரே பலூனில் போனார்கள். யெவ்கேனி ஆந்த்ரேயெவ் 25,458 மீட்டர் உயரத்தில் முதலில் குதித்தார். வால் பாராசூட் எதுவும் இல்லாமல் 24,500 மீட்டர் விழுந்து, அப்புறம் பாராசூட்டை விரித்துப் பத்திரமாக இறங்கினார். அந்தச் சாதனை ஐம்பது வருஷம் அப்படியே நின்றது. அடுத்தவர் கர்னல் பியோதர் தோல்கோவ். இன்னும் மேலே, 28,640 மீட்டரில் குதித்தார். உடனே பாராசூட்டை விரித்துக்கொண்டு, அழுத்த உடுப்பைச் சோதித்தபடி மெள்ள இறங்கி வருவது அவர் வேலை. வெளியே வரும்போது தலைக்கவசத்தின் முகக் கண்ணாடி கூடையில் இடித்து விரிசல் விட்டது. உடுப்பிலிருந்த காற்று வெளியேறிவிட்டது. பாராசூட் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, உயிரில்லாத உடம்பைத் தரையில் கொண்டுவந்து வைத்தது. இரண்டு பேருக்கும் சோவியத் யூனியனின் வீரர் என்ற மிக உயர்ந்த பட்டம் கொடுத்தார்கள்.

ஒரு சின்ன விரிசல்! முன்தினம் வரை எல்லாம் சரிபார்த்திருப்பார்கள்.

இன்னொருவர் அமெரிக்காவில், நிக் பியான்டனிடா. இவர் அப்போது ராணுவத்தில் இல்லை. லாரி ஓட்டியவர். மனைவி, மூன்று பெண் குழந்தைகள். உலகத்திலேயே உயரத்திலிருந்து குதித்தவன் என்ற பெயர் தனக்கு வேண்டும் என்று தானே ஆட்களைச் சேர்த்துக் கிளம்பினார். முதல் முறை பலூன் கிழிந்துவிட்டது. இரண்டாம் முறை, 1966 பிப்ரவரியில், 123,500 அடி வரை போய்விட்டார். குதிக்கும் நேரத்தில் கூடையோடு இணைத்திருந்த பிராணவாயுக் குழாய் கழலவில்லை. எவ்வளவோ முயன்றும் கழலாமல், குதிக்காமலே கூடையோடு இறங்க வேண்டியதாயிற்று. மே 1-ந் தேதி மூன்றாம் முறை. சுமார் 57,000 அடியில் உடுப்பின் அழுத்தம் திடீரென்று போய்விட்டது. கீழே இருந்தவர்கள் உடனே பலூனை அறுத்துவிட்டுக் கூடையை இறக்கினார்கள். உயிர் இருந்தது, நினைவு திரும்பவே இல்லை. நாலு மாதம் அப்படியே கிடந்து ஆகஸ்டில் கண்ணை மூடினார். 34 வயது.

என் பெண், "அவர் தைரியம் குறைஞ்சவர் இல்லைம்மா" என்றாள். உண்மைதான். கிட்டிங்கருக்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடமே இருந்தது. இவருக்கு அப்படி இல்லை. ஆனாலும் அந்த நாலு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் என்னால் 'சபாஷ்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர முடியவில்லை.

அம்மாவிடம் சொன்ன பொய்

ஆண்பிள்ளைகள் கதையாகவே சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். 1963-ல் வானவெளிக்குப் போன முதல் பெண் வாலன்டினா தெரஷ்கோவா முன்பு துணி ஆலையில் வேலை பார்த்தவர். விமானியே இல்லை. பாராசூட் சங்கத்தில் சேர்ந்து குதிக்கப் பழகியிருந்தார், அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏனென்றால் அந்த விண்கலம் ஆளோடு மெதுவாகத் தரையிறங்கக் கூடியது அல்ல. ஏழு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தனியே பாராசூட்டில் இறங்க வேண்டும். தோல்கோவ், ஆந்த்ரேயெவ் போன்றவர்கள் உடம்பைப் பணயம் வைத்துக் கற்றுக் கொடுத்த பாடமெல்லாம் அங்கே பயன்பட்டது.

அவர் தன் தாயாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார் தெரியுமா? பாராசூட் பயிற்சிக்குப் போகிறேன் என்று! மகள் பூமியைச் சுற்றிக் கொண்டிருப்பது செய்தியில் வந்தபிறகுதான் அந்த அம்மாளுக்கே தெரியும். இதைப் படித்ததும் நான் என் பெண்ணைப் பார்த்த பார்வையில் அவள் சிரித்துவிட்டாள். "நான் உண்மையிலேயே பாராசூட் பயிற்சிக்குத்தான்மா போறேன்" என்றாள்.

கிட்டிங்கர் பின்னாளில் வியட்நாம் போருக்குப் போய், 1972-ல் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, பதினோரு மாதம் சிறையில் கிடந்தார். 1984-ல், 56 வயதில், தன்னந்தனியாகப் பலூனில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார். 2012 அக்டோபர் 14-ல் ஆஸ்திரியாக்காரர் பெலிக்ஸ் பாம்கார்ட்னர் 38,969 மீட்டர் உயரத்திலிருந்து குதித்து இவருடைய சாதனையை முறியடித்தார். முறியடிக்க வந்தவருக்குத் தரையிலிருந்து ரேடியோவில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்த குரல் யாருடையது? 84 வயதுக் கிட்டிங்கருடையது! இரண்டு வருஷம் கழித்து ஆலன் யூஸ்டஸ் என்ற 57 வயதுக் கம்ப்யூட்டர்காரர் 41,419 மீட்டரிலிருந்து குதித்து அதையும் தாண்டினார். கிட்டிங்கர் 2022-ல் 94 வயதில் காலமானார். பாம்கார்ட்னர் 2025-ல் இத்தாலியில் பாராகிளைடரில் பறக்கும்போது விபத்தில் இறந்து போனார்.

பாம்கார்ட்னர் பற்றி ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவருக்கு உயரம் பயம் இல்லை. அந்த இறுக்கமான உடுப்புக்குள் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பதுதான் பயம். ஒரு கட்டத்தில் தாங்காமல் சோதனையை விட்டே போய்விட்டார். பிறகு மனநல நிபுணர் ஒருவரின் உதவியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகித் திரும்பி வந்தார். அவ்வளவு பெரிய ஆள், பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாரே!

அதைப் படித்த அன்று ராத்திரிதான் என் பெண்ணிடம் நேராகக் கேட்டேன். "உனக்குப் பயமா இல்லையாடி?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இருக்கும்மா. ரொம்ப இருக்கு. ஆனா போகணும்" என்றாள். பயமே இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

இன்னொன்றும் கேட்டேன். "சரி, அங்கே பாராசூட்டை யார் மடிப்பாங்க?"

"அதுக்குன்னே பழகினவங்க இருக்காங்கம்மா. மடிச்சு முடிச்சதும் நான்தான் மடிச்சேன்னு கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பாங்க."

ஊறுகாய் ஜாடியை நகர்த்தினேன். காகிதத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை. "என்னம்மா இது, காலேஜில கொடுக்கணும்!" என்று கத்தினாள். கோலமாவைக் கொஞ்சம் தூவி ஒற்றி எடுத்துவிட்டு, கறை படாத இடமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இவரையும் பேப்பரை மடித்து வைக்கச் சொல்லிப் போட வைத்தேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.